ரப்பர் இலை கொட்டி முடிந்த பிறகு

தை கடைசி

ரப்பர் மலை முழுக்க இலை கொட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் மஞ்சள், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் தரை. காற்றே இல்லாத மத்தியானத்திலும் அந்தச் சரசரப்பு ஓயாது. இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் பனி பெய்வதில்லை. ஆனாலும் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. தையிலும் மாசியிலும் வரும். மரம் இலையை உதிர்த்துப் புது இலை விடும்வரை பால் சுருங்கிவிடும். சில மலைகளில் பால் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். வேலை நாள் குறையும், கடைக் கொப்பியில் கடன் ஏறும். கொழுந்து மலை உள்ள தோட்டத்திலும் இந்த மாதங்களில் வெயில் காய்வதால் கொழுந்து கம்மி.

இந்தத் தடவை அதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் தீவு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலையும் மண்சரிவு எச்சரிக்கைக்குள் இருந்தது. உயிர் தப்பிய லயங்களில்கூட வாசல் தோட்டம் தப்பவில்லை. பாத்தியின் மேல்மண் எல்லாம் கானுக்குள் இறங்கிவிட்டது. மிஞ்சியது செம்மண்ணும் பரல் கல்லும்தான்.

வீட்டுத் தோட்டம் தொடங்க ஏற்ற நேரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மனம் சோர்ந்து கிடக்கிற நேரம், கையில் காசு இல்லாத நேரம். ஆனால் வெயில் இருக்கிறது. வேலை குறைந்ததால் கையில் பொழுதும் இருக்கிறது.

*

கானில் கிடக்கிற மண்ணை வெறும் சேறு என்று வழித்து ஆற்றுப் பக்கம் எறிகிறார்கள். எறிய வேண்டாம். அது நம் பாத்தியிலிருந்து போன மண்தான். பல வருஷம் சாணியும் சாம்பலும் அடுப்படிக் கழிவும் போட்டு நாமே உண்டாக்கிய மண். அள்ளி மேட்டில் குவித்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, சாணியோடு கலந்தால் மறுபடி பாத்திக்கே போடலாம். கக்கூஸ் தண்ணீர் கலக்கிற கான் என்றால் மட்டும் அந்த மண்ணைத் தொடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சல் அதிகம் பரவும் மாவட்டங்கள். எலி மூத்திரம் கலந்த சேற்றில் புண் உள்ள காலோடு நின்றால் நோய் தொற்றும். பூட்ஸ் இல்லாதவர்கள் கானுக்குள் இறங்கக்கூடாது. சேற்றில் வேலை செய்ய வேண்டியிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பார்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோலைப் போட்டுப் படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "சேத்துல வேல செஞ்சேன்" என்று டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும்.

*

மாசி பிறந்தது

வெயிலைப் பற்றி ஒன்று எழுதிவைக்கிறேன். புதிதாகத் தோட்டம் போடுகிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

லயத்தைச் சுற்றி ரப்பர் நிற்கும் தோட்டங்களில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நிழல்தான். மாசியில் மரம் மொட்டையாக நிற்கும்போது மட்டும் வெயில் தரைவரைக்கும் இறங்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எங்கே வேண்டுமானாலும் பாத்தி கட்டலாம் போலத் தோன்றும். பங்குனி பாதியில் தளிர் முற்றிப் பச்சையாகிவிடும். அதன் பிறகு அதே இடத்தில் கொச்சிக்காய்ச் செடி நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும், பூ நிற்காது.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அம்மாயி, இளம் வயதில் பால் வெட்டியவர், இதை ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். "வெயில நம்பிப் பாத்தி போடாதம்மா. எல வந்திச்சின்னா இங்க இருட்டுதான். கோயில் பக்கம் போய் நின்னு பாரு, அங்க மரமே இல்ல."

அவர் சொன்னதுதான் முறை. எந்த இடம் ஐப்பசியிலும் வெயில் கண்டதோ அங்கேதான் கொச்சிக்காய், கத்தரி, வெண்டி, பயிற்றை. அரை நாள் வெயில் மட்டும் விழுகிற இடத்தில் கீரைவகை. நாள் முழுக்க நிழலும் ஈரமும் உள்ள பீலிக்கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும். இஞ்சி, மஞ்சள், சேம்பு மூன்றும் நிழலோடு கோபிக்காது.

*

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றிக் காமன் கூத்துத் தொடங்கும் தோட்டங்கள் மலையகத்தில் இன்னும் இருக்கின்றன. மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், மறுபடி அவன் எழுகிறான். வசந்தத்தைக் கூட்டி வருகிறவன் அவன்தான். ரப்பர் மரம் இலையில்லாமல் நிற்கிற அதே வாரங்களில் அந்தக் கதையைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். நெல்லும் கரும்பும் விளைந்த மண்ணிலிருந்து கொண்டுவந்த கூத்து இங்கே இந்த மரங்களோடும் பொருந்திப்போயிருக்கிறது.

நம் பாட்டன்மார் கொண்டுவந்த எல்லாமே அப்படிப் பொருந்தவில்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று அவர்கள் சொன்னது தமிழ்நாட்டு வானத்துக்கு. கேகாலை ஈரவலயம், வருஷ மழை 2500 மில்லிமீற்றருக்கு மேல். தென்மேற்குப் பருவமழை வைகாசியில் இறங்கினால் ஆவணி வரை நிற்காது. எட்டியாந்தோட்டையில் ஆடி மாதம் விதை தூவினால் முளைக்குமுன் கானில் போய்ச் சேரும். நமக்கு ஏற்றது மாசிப்பட்டம். மாசி நடுவில் நாற்று, பங்குனியில் நடவு. வைகாசி மழைக்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். பழமொழியை நான் குறை சொல்லவில்லை. பட்டம் பார்த்து விதைக்கச் சொன்னார்கள், அது எங்கேயும் சரி. எந்தப் பட்டம் என்பதை இந்த மழையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவில் இருக்கிற உறவுகள் தொலைபேசியில் பேசும்போது அவர்களுடைய தோட்டத்தைப் பற்றியும் சொல்வார்கள். ரொறன்ரோவில் மே மாதம் விக்ரோரியா தின விடுமுறை கழிந்த பிறகுதான் தக்காளி நாற்றை வெளியே நடுவார்களாம். அதற்குமுன் நட்டால் உறைபனியில் கருகிப்போகும். அவர்கள் மே மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நாம் மே மாதத்துக்குள் முடித்தாக வேண்டும்.

*

நாற்றுக்குச் சட்டி வாங்கத் தேவையில்லை. பால் பிடித்துக் கழித்த பழைய சிரட்டைகள் ரப்பர் மலையடியில் எவ்வளவோ கிடக்கின்றன. ஆணியைச் சூடாக்கி அடியில் ஒரு ஓட்டை. கான் மண் ஒரு பங்கு, மக்கிய சாணி ஒரு பங்கு, கொஞ்சம் மணல். கத்தரியும் கொச்சிக்காயும் மூன்று, நாலு வாரத்தில் நடுகிற பருவத்துக்கு வந்துவிடும். மண் போடாத சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்க வேண்டும். முதல் மழையிலேயே நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும்.

விதையும் கலப்பினமல்லாத விதையாக இருக்கட்டும். விவசாயத் திணைக்களம் வெளியிட்டவற்றில் வெண்டிக்கு ஹரித, கத்தரிக்கு லேன இரி, பாகலுக்குத் தின்னவேலி வெள்ளை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய பாகல் கேகாலை மண்ணில் படர்வது எனக்குப் பெரிய சந்தோஷம். கலப்பின விதை முதல் தடவை அள்ளிக் கொடுக்கும், ஆனால் அதிலிருந்து எடுத்த விதை அடுத்த தடவை தாயைப் போல வராது. காசில்லாத வீட்டுக்கு, தானே விதை எடுத்துவைக்கக்கூடிய செடிதான் சொத்து. சந்தேகம் எதுவென்றாலும் 1920 என்ற இலக்கத்துக்குப் பேசலாம், அது விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை.

*

மண். கேகாலைச் செம்மண் புளிப்பு மண். ரப்பருக்கும் தேயிலைக்கும் அது பிடிக்கும், மரக்கறிக்குப் பிடிக்காது. டொலமைட் கொஞ்சம் தூவிக் கொத்தி, இரண்டு வாரம் விட்டு நட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். டொலமைட் வாங்க முடியாவிட்டால் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. ரப்பர் விறகுச் சாம்பலில் பொட்டாசியமும் உண்டு. பச்சைச் சாணியோடு சேர்த்துச் சாம்பலைப் போடக்கூடாது, சாணியின் சத்து அமோனியாவாக ஆவியாகிப் பறந்துவிடும். சாம்பல் ஒரு நாள், சாணி இரண்டு வாரம் கழித்து.

ரப்பர் இலை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. தீ வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அப்படியே பாத்திகளுக்கு நடுவில் பரப்பினால் மாசி வெயிலில் ஈரம் காக்கும், சித்திரை இடிமழையில் மண் தெறிக்காமல் தடுக்கும். பசளையாக்க வேண்டுமென்றால் தனியாகப் போட்டால் மக்க நாளாகும். கிளிரிசீடியா இலையையும் சாணியையும் அடுக்கடுக்காக நடுவில் வைத்தால் சீக்கிரம் மக்கும். வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவை யாரும் மதிப்பதில்லை. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கமே அறிவித்த மரம் அது. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து இலையில் சேர்த்துத் தருகிறது.

இன்னொன்று, இது முக்கியம். ரப்பர் வெட்டிய பழைய கட்டை உள்ள இடத்தில் மரவள்ளி வைக்கக்கூடாது. ரப்பரை அழிக்கிற வெள்ளை வேர் நோய் மண்ணுக்குள் அந்தக் கட்டையில் பல வருஷம் உயிரோடு இருக்கும். மரவள்ளிக்கும் பலாவுக்கும்கூட அது தொற்றும். வேரில் வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அதுதான். கட்டையை வேரோடு தோண்டி எடுத்து எரித்த பிறகே அங்கே ஏதாவது நட வேண்டும்.

*

பங்குனி முதல் வாரம்

தளிர் வந்துவிட்டது. மலை செம்புத் தகடு மாதிரி மினுங்குகிறது. இந்தத் தளிருக்கும் வியாதி உண்டு. பனியும் தூறலும் கூடினால் சாம்பல் பூஞ்சணம் பிடித்துத் தளிர் மறுபடி கொட்டும். 2019 முதல் மழைக்காலத்திலும் இலையில் வட்டப்புள்ளி விழுந்து கொட்டுகிற புது நோய் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு குளிர்காலம்தான். இப்போது மரம் இரண்டாம் தடவையும் மொட்டையாகிறது, அப்போதும் பால் குறைகிறது. வாசலில் நாலு பாத்தி இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

2022ஐ மறக்க முடியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் வயலும் மலையும் அடிபட்டுவிட்டன. பிறகு டொலர் இல்லை, கேஸ் இல்லை, மா இல்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்தின வருஷம் போராடி வாங்கிய 1000 ரூபாய் நாட்சம்பளம் அந்த விலைக்குமுன் கரைந்துபோனது. லயத்து அடுப்பு கோதுமை மாவை நம்பியது. காலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி. மா விலை ஏறினால் வீட்டில் எல்லாமே ஆட்டம் காணும்.

அந்த வருஷம் ஜூனில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் லயத்து வாசல்களில் நான் பார்த்த பச்சையை அதற்குமுன் பார்த்ததில்லை. மா வந்த பழைய சாக்கில் மண் நிரப்பி வத்தாளங்கிழங்கு, உடைந்த பேசினில் கங்குன், கூரைத் தகரத்தின் மேல் பூசணி. அடுத்த வருஷம் விலை கொஞ்சம் இறங்கியதும் பாதி வாசல் மறுபடி வெறிச்சோடியது.

வயதானவர்கள் அதைவிடப் பெரியதைப் பார்த்தவர்கள். 1973, 1974 பஞ்சம். மா, அரிசி ரேஷன் வெட்டப்பட்டபோது தோட்டப்பகுதிகளில் சாவு சட்டென்று ஏறியது. அம்மாயி அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். காட்டுச் சேம்பையும் கீரையையும் எப்படி அவித்தால் நாக்கு அரிக்காது என்று மட்டும் சொல்லிக்கொடுப்பார். புளியைப் போட்டு, நன்றாக வேகவிட்டு, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமாம். மரவள்ளி அவிக்கும்போது மூடியைத் திறந்துவைக்கச் சொல்வார், கிழங்கில் நஞ்சு இருக்கிறது. மரவள்ளி தின்ற நாளில் இஞ்சி கூடாது என்பதும் அவருக்கு உறுதி. சிங்களக் கிராமத்திலும் அதையே சொல்கிறார்கள்.

*

மாவனல்லைப் பக்கத்துக் கிராமங்கள் வழியே நடந்தால் வீட்டுத் தோட்டம் என்பது வேறொன்றாக இருக்கிறது. மேலே தென்னையும் பலாவும். அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், கமுகு. கிளிரிசீடியாவில் ஏறிய மிளகு. அடியில் கோப்பி, வாழை, இஞ்சி, ரம்பை. காட்டுக்கும் தோட்டத்துக்கும் எல்லை தெரியாது. கண்டி வீட்டுத் தோட்டம் என்று உலகத்து விவசாய ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து எழுதியது இதைத்தான். ஒரு தலைமுறை நட்டதை அடுத்தது பறிக்கிறது.

அங்கிருந்து லயத்துக்கு வந்தால் என்ன பார்க்கிறோம்? கீரை, கொச்சிக்காய், பயிற்றை, மரவள்ளி. மூன்று வாரம், மூன்று மாதம், மிஞ்சினால் பத்து மாதம். நம்மவர்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய அநியாயமான பேச்சு! இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் இருக்கிற ரப்பர் மலையை யார் நட்டது? யார் களையெடுத்தது, யார் பால் வெட்டியது? மரம் வளர்க்கத் தெரிந்தவர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு மரம் நட நிலம் இல்லை. அதுதான் விஷயம்.

கொம்பனி காலத்தில் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கொம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் காம்பராவில் குடியிருந்தவரின் பெயரில் வாசல் எழுதப்படவில்லை. வேலை போனால் காம்பரா போகும் என்ற பயத்தோடு நாலு தலைமுறை. 1948இல் பிரஜாவுரிமையும் போய், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கினார்கள். எந்த வருஷம் கப்பல் ஏற வேண்டி வரும் என்று தெரியாதவர் வாசலில் பலா நடுவாரா? சாப்பிட்டுவிட்டுப் போகக்கூடியதைத்தான் நடுவார். லயத்து வாசலில் குறுகிய காலப் பயிர் மட்டும் நிற்பதற்கு அந்தச் சரித்திரம்தான் காரணம்.

2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்திருக்கிறது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1900 சதுர அடி. வீடு போக மிச்சத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, நாலு பாத்தி, ஓரத்தில் ஒரு பலா நிற்கும். உறுதிப்பத்திரம் கையில் கிடைத்தவர்கள் முதல் வேலையாக என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். மதில் கட்டுமுன்னரே மாங்கன்று வைத்திருக்கிறார்கள்.

*

பலாவைப் பற்றி எழுதும்போது பாணந்துறை ஆர்தர் வி. டயஸைச் சொல்ல வேண்டும். 1915 கலவரக் காலத்தில் வெள்ளைக்காரன் சிறையில் போட்டவர்களில் ஒருவர். பிற்பாடு நாடு முழுக்கப் பலாக் கன்று நடவைத்து "கொஸ் மாமா" (பலா மாமா) என்று பெயர் வாங்கினார். அரிசிக்காக இன்னொரு நாட்டை எதிர்பார்த்து நிற்கக்கூடாது என்பது அவர் நினைப்பு. பஞ்ச காலத்திலும் 2022லும் எத்தனை வீடுகளின் வயிற்றைப் பலாக்காய் காப்பாற்றியது என்று இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிஞ்சில் பொலொஸ், முற்றினால் அவித்துத் தேங்காய்ப்பூவோடு, பழுத்தால் பழம், கடைசியில் கொட்டை. ஒரு மரத்தில் நாலு சாப்பாடு.

1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலாவை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. நம் பெயரில் இல்லாத வாசலில் நட்டாலும் அந்த மரத்துக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இந்தத் தடவை நான் ஒரு பலாக்கன்று வைக்கிறேன். காய்க்க ஐந்து, ஏழு வருஷமாகும். அதுவரைக்கும் இங்கே இருப்போம் என்றே வைக்கிறேன்.

*

குரங்கு. இதை எழுதாமல் தோட்டக் குறிப்பு முடியாது.

2025 மார்ச் 15, காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம், நாடு முழுக்கப் பயிரை அழிக்கிற குரங்கு, மந்தி, மலை அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். அந்த 5 நிமிடத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு குரங்குகூடத் தென்படவில்லை என்று அம்மாயி இன்னும் மனம் வருந்திப் பேசுகிறார். பத்தரைக்கு ஒரு கூட்டமே வந்து பயிற்றையை உருவிக்கொண்டு போனதாம்.

குரங்கு தொடாதது கொச்சிக்காய், பாகல், இஞ்சி, மஞ்சள், சேம்பு, வல்லாரை. இவை வெளிப்பக்கம். பயிற்றை, கத்தரி, வெண்டி இஸ்தோப்புக்கு நேராக, ஆள் நடமாட்டம் உள்ள பக்கம். பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் வரும். மரவள்ளியை முள்ளம்பன்றி வேரோடு வாரித் தின்னும். கிளிரிசீடியா கம்பை நெருக்கி ஊன்றித் தகரம் அடித்தால் ஓரளவுக்குத் தடுக்கலாம். துவக்கு, வெடி, கரன்ட் கம்பி வேண்டவே வேண்டாம். கரன்ட் கம்பியில் பன்றி செத்த கதையைவிட மனுசர் செத்த கதைதான் நம் காதில் அதிகம் விழுகிறது.

நத்தைக்கு டோர்ச் லைட்டும் ஒரு வாளி உப்புத் தண்ணீரும். பெரிய ஆபிரிக்க நத்தை, நாற்றை ஒரே இரவில் மொட்டையடிக்கும். மழை விட்ட இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொறுக்கினால் ஒரு வாரத்தில் குறைந்துவிடும். வெறும் கையால் தொடக்கூடாது, பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

*

பங்குனி நடு

காலையில் நல்ல வெயில், மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் கறுக்கிறது, இடி. பங்குனி, சித்திரை இடி இந்தப் பக்கம் பொல்லாதது. முதல் உறுமல் கேட்டதும் மம்பட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது.

தக்காளி நட ஆசைப்படுகிறவர்களுக்கு: ஈரவலய மண்ணில் செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் வாடி விழுந்தால் அது பக்டீரியா வாடல். மருந்து கிடையாது. சுண்டைக்காய்ச் செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டினால் தாங்கும். ஒட்டுக்கட்டத் தெரியாவிட்டால் இந்த வருஷம் தக்காளி இல்லாமலே கறி வைக்கலாம், புளி இருக்கிறது.

கீரை முதல் அறுவடைக்கு வந்துவிட்டது. நாலு வாரம்கூட ஆகவில்லை. சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, ஒரு கொச்சிக்காய் போட்டுச் சுண்டினேன். வீட்டில் எல்லோரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். முதலில் கீரையை விதையுங்கள் என்று யாருக்கும் சொல்வேன். நாலாவது வாரத்தில் சட்டியில் ஏதாவது விழுந்தால்தான் மற்றப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்ற மனம் வரும்.

*

பாத்திக்காக மேட்டை வெட்டாதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூறுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போன அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகளை மண் மூடி 16 பேர் போனார்கள். அரநாயக்கவைப் பற்றி நாடே பேசியது. களுபஹனவைப் பற்றி நம்மவர்களாவது பேச வேண்டும். அதன் பிறகு டித்வா. லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டைக் கால் அடி வெட்டினாலும் அது மேலே நிற்கிற மண்ணின் பிடியை எடுக்கிறது. வெட்டி உண்டாக்கிய தட்டில் தண்ணீர் தேங்கினால் இன்னும் ஆபத்து. வெட்டாமல், குறுக்கே கல் அடுக்கிப் பாத்தி கட்டலாம். மேட்டு விளிம்பில் வெட்டிவேரோ சேரையோ வரிசையாக நெருக்கி நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வாழையை மட்டும் மேட்டு விளிம்பில் வைக்க வேண்டாம், அதற்குப் பாரம் அதிகம், வேர் மேலோட்டம்.

தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினாலோ உடனே வெளியேற வேண்டும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்கிற பால்மா டின்னை வெட்டவெளியில் வைத்து, காலையும் மாலையும் அளவுகோலை விட்டுப் பார்த்தால் போதும். மேட்டில் வெடிப்பு, மரம் சாய்தல், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல் எதையாவது கண்டால் அளவையும் பார்க்க வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். பாத்திக்கு நடுவில் நின்று தினமும் மேட்டைப் பார்க்கிறவர்தான் அந்த வெடிப்பை முதலில் காண்பார்.

*

சித்திரைக்கு முன் செய்ய வேண்டியவை

பாகல் பந்தலுக்கு மூங்கில், பக்கத்துக் கிராமத்தில் கேட்டிருக்கிறேன். பிஞ்சு விழுந்ததும் பழ ஈ குத்தாமல் கடதாசி உறை கட்ட வேண்டும், பழைய பேப்பரைச் சேர்த்துவைக்கச் சொல்லியாயிற்று.

மரவள்ளித் தடி, ஒரு சாண் நீளம், முற்றிய நடுத்தண்டு மட்டும். கட்டை தோண்டிய இடம் வேண்டாம், கோயில் பக்கம்.

பயிற்றை விதை கொஞ்சம் அம்மாயிக்கு, கொஞ்சம் மேல் லயத்துக்கு.

கான் இரண்டு தடவை வழிக்க வேண்டும், ஒன்று வருஷப் பிறப்புக்கு முன், ஒன்று மே முதல் வாரம்.

பலாக்கன்றுக்குக் குழி இரண்டடிக்கு இரண்டடி, லயத்துச் சுவரிலிருந்து முப்பதடி தள்ளி. குழியில் சாணியும் மக்கின ரப்பர் இலையும் போட்டு மூடியிருக்கிறது. முதல் இடிமழை மண்ணை நன்றாக நனைத்ததும் நட வேண்டும்.